ஓடாமலே முதுமையடையும் டயர்

கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது முன் டயர் ஒன்றில் ஆணி ஏறியது. ஆவணி மாத வெயில். வீட்டாரை வீதியோர மரநிழலில் இறக்கிவிட்டு ஸ்பெயார் வீலை எடுத்து மாட்டினேன். 2010இல் கார் வாங்கிய நாளிலிருந்து ஒரு கிலோமீற்றர்கூட ஓடாத டயர் அது. அச்சில் வார்க்கும்போது உண்டாகும் மெல்லிய ரப்பர் முட்கள்கூட உதிராமல் இருந்தன. காற்றும் சரியாக இருந்தது. பதினைந்து கிலோமீற்றர் போவதற்குள் தரையைத் தொடும் பட்டை டயரின் உடலை விட்டு உரிந்து, சக்கர வளைவில் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. ஐம்பதுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்ததால் காரை ஓரம் கட்ட முடிந்தது.

ஆணி ஏறிய டயரை ஒட்டித் தந்த கடைக்காரப் பெரியவர் உரிந்த டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஓடினாத்தான் டயர் பழுதாகும் எண்டு நினைச்சிருக்கிறீங்க. சும்மா கிடந்தாலும் அதுக்கு வயசு போகும்." அவர் சொன்னது எவ்வளவு தூரம் உண்மை, அது உண்மையென்றால் எங்கள் ஊரான திருகோணமலையில் பழைய சிறிய காருக்கு எந்த டயரை வாங்க வேண்டும் என்பதே இங்கே நான் எடைபோட விரும்பும் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதல்ல. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் டொலரின் விலை இருநூறு ரூபாய் அளவிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியது. புதுக்கார் கைக்கு எட்டாமற் போனதால் பழைய மாருதி 800, ஆல்ட்டோ போன்றவற்றைப் பேணி ஓட்டுவதே பலருக்கு வழியாயிற்று. எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் கராஜில் செலவழிக்கிறோம். டயர் என்று வந்ததும், எது மலிவோ அதைப் போட்டுவிடுகிறோம். பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காரை நிறுத்துவது, சக்கரம் ஒன்றுக்கு உள்ளங்கையளவாகத் தரையில் பதியும் நான்கு ரப்பர் துண்டுகள்தாம்.

முதலில் நாம் எவ்வளவு ஓடுகிறோம் என்று கணக்கிட வேண்டும். உப்புவெளியிலிருந்து நகருக்கு வேலைக்குப் போய்வருவது, வார இறுதியில் நிலாவெளி அல்லது கிண்ணியா, இரண்டு மாதத்துக்கொரு முறை கண்டிப் பயணம். எனக்கு இது வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை. சாதாரண கார் ரேடியல் ஒன்று நாற்பதாயிரம் கிலோமீற்றர் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், அது தேய்ந்து முடிய ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும். அறுபதாயிரம் உழைக்கும் டயரை வாங்கினால் பத்து வருடம். அத்தனை வருடம் அந்த ரப்பர் நல்ல ரப்பராக இருக்குமா என்பதில்தான் மற்ற எல்லாம் தங்கியிருக்கிறது.

இருக்காது என்பதற்கு வலுவான சான்று உண்டு. டயருக்குள் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் காற்றிலுள்ள ஒட்சிசன், உள்ளிருந்து ரப்பரை ஊடுருவிக்கொண்டே இருக்கிறது. அது ரப்பரின் நெகிழ்வைக் குறைத்து இறுக வைக்கிறது. எஃகுக் கம்பி வலைகளுக்கு இடையிலுள்ள ஒட்டும் தளர்கிறது. இத்தகைய இரசாயன மாற்றம் வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் நடக்கும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொது விதி. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007இல் தன் நாட்டுக் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில், ஒரு பெரிய காப்புறுதி நிறுவனத்தின் 2002 முதல் 2006 வரையான பதிவுகளை எடுத்துக்காட்டியது. ஐந்து வெப்ப மாநிலங்களில் இருந்த வாடிக்கையாளர்கள் 27 வீதத்தினர்தான். டயர் தொடர்பான கோரிக்கைகளில் 77 வீதம் அங்கிருந்தே வந்தன. அவற்றிலும் 84 வீதமானவை ஆறு வயதைக் கடந்த டயர்கள். காற்றடித்து டிக்கியில் கிடக்கும் ஸ்பெயார் டயர்களும் உள்ளுக்குள் இப்படியே முதுமையடைகின்றன என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. கந்தளாய் வீதியில் எனக்கு நடந்ததற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

திருகோணமலையில் மே தொடங்கி செப்டெம்பர் வரை அடிக்கும் வெயிலை நாம் அறிவோம். நண்பகலில் மூடிய காரின் டிக்கிக்குள் கை வைக்க முடியாது. அமெரிக்காவின் வெப்ப மாநிலங்களுக்குக்கூடக் குளிர்காலம் என்று ஓர் ஓய்வு உண்டு. எங்கள் டயர்களுக்கு அந்த ஓய்வே இல்லை. டயர் நிறுவனங்கள் பத்து வருடத்தை உச்ச எல்லையாகச் சொல்கின்றன. கார் நிறுவனங்கள் பல ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. இந்த ஊருக்கு ஆறு வருடமே பொருந்தும் என்பது என் முடிவு. ஆகவே குறைவாக ஓடும் எங்கள் கார்களில் டயர் தேய்ந்து முடியுமுன் வயதாகி முடிகிறது. நீண்ட ஆயுளுக்கென்று கூடுதல் விலை கொடுப்பவர், தான் ஒருபோதும் ஓடப்போகாத கிலோமீற்றர்களுக்குக் காசு கொடுக்கிறார்.

இரண்டாவது அளவுகோல் மழை. மாரிகாலம் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டுப் போகிறது. அதற்கு முந்திய வறண்ட மாதங்களில் சீனன்குடாவின் மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் போய்வரும் லொறிகளின் எண்ணெய்க் கசிவும் தூசியும் வீதியில் படிந்திருக்கும். முதல் மழை அதைக் கழுவிப்போகாது. முதலில் அரைமணி நேரம் சவர்க்காரம் போல் வழுக்க வைக்கும். இந்த வீதியில் டயரின் நனைந்த பிடிப்பே உயிரைக் காப்பது. விமானச் சக்கரங்களை ஆராய்ந்து 1960களில் நாசா வகுத்த ஒரு சூத்திரம், டயரிலுள்ள காற்றழுத்தத்தைக் கொண்டு அது நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தைக் கணக்கிடுகிறது. அதன்படி முப்பது இறாத்தல் அழுத்தமுள்ள வழுக்கை டயர் மணிக்கு ஏறக்குறைய 91 கிலோமீற்றரில் மிதக்கும். அதே டயரில் காற்று இருபத்துநான்குக்கு இறங்கினால் 82இலேயே மிதக்கும். கார்களுக்கு இதை அண்ணளவாகவே கொள்ள வேண்டும் என்றாலும் பாடம் தெளிவானது: பள்ளங்கள் தேய்ந்து காற்றும் குறைந்த டயர், தன் பாதுகாப்பை இரண்டு பக்கமும் இழக்கிறது. டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே நிற்கும் சிறு மேடு 1.6 மில்லிமீற்றரைக் காட்டுகிறது. ரப்பர் அந்த மேட்டோடு சமமாகும் வரை காத்திருப்பது மழைக்கால ஊருக்குப் பொருந்தாது. மூன்று மில்லிமீற்றரில் மாற்றத் தயாராக வேண்டும்.

மூன்றாவது அளவுகோல் அளவு. பலர் சறுக்குவது இங்கேதான். பழைய இந்திய ஆல்ட்டோவுக்குரிய அளவு 145/80 R12. மாருதி 800க்கு 145/70 R12. கடையில் இரண்டும் "பன்னிரண்டு இஞ்சி" என்ற ஒரே பெயரில் அடங்கிவிடும். ஆனால் முதலாவதன் முழு உயரம் 537 மில்லிமீற்றர். இரண்டாவதன் உயரம் 508. ஆல்ட்டோவில் சிறியதைப் போட்டால் கார் பதினாலரை மில்லிமீற்றர் தாழும். மீற்றர் காட்டும் ஒவ்வொரு நூறு கிலோமீற்றருக்கும் உண்மையில் தொண்ணூற்றைந்துக்கும் குறைவாகவே ஓடியிருப்போம். பெற்றோல் மிச்சமாகிறது என்று மகிழ்வது வெறும் கணக்குப் பிழை. சுமை எண்ணும் 74இலிருந்து 69க்கு இறங்கும். அதாவது டயர் ஒன்று தாங்கும் எடை 375 கிலோவிலிருந்து 325 ஆகும். ஐந்து பேரும் பொங்கல் சாமான்களும் ஏறிய காரில் அந்த ஐம்பது கிலோ இடைவெளி பெறுமதியானது. மறுபக்கம், மாருதி 800இல் பெரிய டயரைப் போட்டால் ஸ்டியரிங்கை முழுதாக வளைக்கும்போது உரசும் அபாயம் உண்டு.

அகலமான டயர், பெரிய ரிம் என்ற ஆசையையும் எடைபோட வேண்டும். ஆல்ட்டோவுக்கு 155/65 R13 போட்டால் உயரம் 532 மில்லிமீற்றர் வரும். மூல அளவிலிருந்து ஒரு வீதம்தான் வித்தியாசம். கணக்கில் இது தவறில்லை. பதின்மூன்று அங்குல டயர்களில் தெரிவும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் நான்கு புது ரிம்மின் விலையை அதனுடன் சேர்க்க வேண்டும். பக்கச்சுவரின் உயரம் 116இலிருந்து 101 மில்லிமீற்றருக்கு இறங்குவதால், குழியில் விழும்போது அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தையும் குறையும். மெல்லிய டயர் தண்ணீரை எளிதாக வெட்டிக்கொண்டு போகும் என்பதையும் மறக்கக்கூடாது. ஏழுநூறு கிலோவைச் சற்றே தாண்டும் காருக்கு நிறுவனம் தந்த அளவே போதும். வேகக் குறியீட்டிலும் இதே நிதானம் வேண்டும். S என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர், T என்றால் 190. நகருக்குள் ஐம்பதும் வெளியே சாதாரண வீதிகளில் எழுபதும் எல்லையாக உள்ள நாட்டில் அதற்கு மேலான எழுத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இனிக் கடையில் நம் முன் வைக்கப்படும் டயர்களை ஒவ்வொன்றாக நிறுக்கலாம்.

முதலாவது, பாவித்த டயர். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் இருந்து கழற்றியது, பள்ளம் நிறைய இருக்கிறது, விலை பாதி. கைச்செலவுக்கே திண்டாடும் குடும்பத்துக்கு இதுதானே வழி என்ற வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். புது டயரின் விலையை நூறு என்று கொள்வோம். ஆறு வருடம் உழைத்தால் வருடத்துக்குப் பதினேழு. ஐம்பதுக்கு வாங்கிய பாவித்த டயர் அதற்கு ஈடாக வேண்டுமானால் மூன்று வருடம் உழைக்க வேண்டும். வாங்கும்போதே அதற்கு ஐந்து வயது என்றால் எட்டு வயது வரை அதை ஓட்ட வேண்டும். அதாவது மலிவு என்ற வாதம் நிற்பதே ஆபத்தான இரண்டு வருடங்களைத் தாங்கிக்கொண்டால்தான். நமக்கு வேண்டியது பள்ளம் சற்றுக் குறைந்தாலும் இளமையான ரப்பர். பாவித்த டயர் தருவதோ பள்ளம் நிறைந்த முதிய ரப்பர். இவற்றில் சில, பனிக்காலத்துக்கென்று மென்மையாகச் செய்யப்பட்ட 'ஸ்டட்லெஸ்' வகை. பக்கச்சுவரில் அந்தச் சொல்லே பொறித்திருக்கும். அந்த ரப்பர் எங்கள் வெயிலில் வேகமாகத் தேயும், நனைந்த வீதியில் நிற்க அதிக தூரம் எடுக்கும். பாவித்த டயர் வேண்டாம்.

இரண்டாவது, சுமை வண்டி டயர். 'பட்டா' என்று நாம் சொல்லும் சிறிய லொறியின் 145 R12 LT டயர், ஆல்ட்டோ ரிம்மில் கச்சிதமாக உட்காரும். உயரமும் கிட்டத்தட்ட ஒன்றே. "எட்டுப் பிளை, அசையாது" என்று விற்பார்கள். அந்த உறுதி உண்மைதான். ஆனால் அது பாரம் சுமக்கும் வண்டிக்காக, கூடிய காற்றழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. இலேசான காரின் கீழ் அதன் பக்கச்சுவர் வளைந்து கொடுக்காது. பழைய காரின் புஷ்களும் ஷொக் அப்சோபர்களும் ஒவ்வொரு குழியின் அடியையும் நேராக வாங்கும். மழையில் பிடிப்பும் கார் டயருக்கு ஈடாகாது. இதுவும் வேண்டாம்.

மூன்றாவது, பெயர் அறியாத மலிவுப் புது டயர். பாவித்ததைவிட இது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. வயது தெரிந்த ரப்பர். ஆனால் மழையில் அது எப்படி நிற்கும் என்று அறிய வாங்குபவரிடம் வழியில்லை. வேறு எதுவும் கையில் அடங்காதவருக்கு மட்டும், தயாரித்த திகதி புதிதாக இருந்தால் இதைக் கடைசித் தெரிவாக ஏற்கலாம்.

நான்காவது, உள்நாட்டுத் தயாரிப்பும் இந்தியத் தயாரிப்பும். 1960களில் சோவியத் உதவியோடு களனியில் எழுந்த அரச டயர் கூட்டுத்தாபனத்தின் வழியில், இன்று அங்கே சியெட் களனி நிறுவனம் கார் ரேடியல்களையும் தயாரிக்கிறது. இந்தியாவிலிருந்து எம்.ஆர்.எஃப்., ஜே.கே., அப்பலோ முதலியவை நாம் அறிந்த பெயர்கள். 1876இல் ஹெனரத்கொடையில் ரப்பர்க் கன்று நட்ட தீவு இது; 1942இல் மலாயா வீழ்ந்த பின் நேச நாடுகளுக்கு ரப்பர் தந்த தீவு. அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். ஆனாலும் டயரை நிறுக்கும் தராசில் அதை வைக்க மாட்டேன். உள்நாட்டு டயருக்கு உள்ள மெய்யான நன்மை வேறு: களனியிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலும் சுங்கமும் இல்லாத வழி. ஆகவே புதிய திகதியோடு கடைக்கு வரும் வாய்ப்பு அதிகம்.

வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். உறுதி என்று சொல்லவில்லை. மாருதி 800இன் தயாரிப்பு 2014இல் நின்றது. ஆல்ட்டோ 800உம் 2023இல் நின்றது. புதிய ஆல்ட்டோ கே10 பதின்மூன்று அங்குலத்துக்குப் போய்விட்டது. பன்னிரண்டு அங்குலக் கார் டயர் மெல்ல மெல்ல அருகும் பண்டம். சிறிய ஊரின் கடையில் மெதுவாக விலைப்படும் டயர், கடையிலேயே இரண்டு மூன்று வயதை அடைந்துவிடலாம். அதனால் எந்த நிறுவனம் என்று கேட்குமுன் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் படிக்க வேண்டும். 2624 என்றால் 2024ஆம் ஆண்டின் இருபத்தாறாவது கிழமை. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கத்தைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

மாட்டும் முறையும் டயரின் ஒரு பகுதியே. கடல் காற்றில் இரும்பு ரிம்மின் விளிம்பு துருப்பிடிக்கும். அந்தத் துருவின் மேல் டியூப்லெஸ் டயரை உட்கார வைத்தால் காற்று மெல்லக் கசியும். அதற்கு மருந்தாக உள்ளே டியூப் போட்டுவிடுவது வழக்கம். அப்போது உராய்வால் சூடு கூடும். ஆணி ஏறினால் காற்று ஒரே நொடியில் போய்விடும். விளிம்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டிச் சுத்தம் செய்து, வால்வையும் புதிதாக மாற்றச் சொல்வதே சரி. வீல் பலன்ஸும் எலைன்மென்டும் இல்லாமல் புது டயரோடு வீட்டுக்குப் போகாதீர்கள்.

இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அவற்றை எங்கே போடுவது? முன் சக்கரங்கள்தாம் காரை இழுக்கின்றன, முன்னுக்கே புதிது வேண்டும் என்று பலர் சொல்வார்கள். இழுவையை மட்டும் நினைத்தால் அது நியாயமாகப் படும். ஆனால் நனைந்த வளைவில் முன் சக்கரம் வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழலும். அதை மீட்பது என்னைப் போன்ற சாதாரண ஓட்டுநரால் ஆகாது. புது டயர் பின்னுக்கே போக வேண்டும்.

என் தீர்ப்பு ஒரு வகை ஓட்டுநருக்குப் பொருந்தாது. வாடகைக்கு ஓடி வருடத்துக்கு முப்பதாயிரம் கிலோமீற்றர் கடப்பவரின் டயர் இரண்டு வருடத்துக்குள் தேய்ந்துவிடும். வயதாக நேரமே இல்லை. அவர் நீண்ட ஆயுள் டயருக்குக் கூடுதல் விலை கொடுப்பது முறையே.

எங்களைப் போன்ற வீட்டுக்காரருக்கு முடிவு இது. ஆல்ட்டோவுக்கு 145/80 R12, மாருதி 800க்கு 145/70 R12, நிறுவனம் தந்த அளவே. S அல்லது T குறியுள்ள கார் ரேடியல். களனியில் செய்தது, இந்தியாவில் செய்தது என்ற இரண்டில் எதன் திகதி பிந்தியதோ அது. ஒரு வருடத்துக்கு மேற்பட்டதாயின் வேறு கடை. பாவித்ததும் லொறி டயரும் வேண்டாம். மாதமொரு முறை, கார் ஓடுமுன், காலைக் குளிர்ச்சியில், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று. மழைக்கு முன், புரட்டாதிக்குள் மாற்றிவிடுவது நல்லது. ஆறு வயதானால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் விடை கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது டயரையும் கணக்கில் சேருங்கள். இன்று மாலை டிக்கியைத் திறந்து, ஒரு டோர்ச் வெளிச்சத்தில் உங்கள் ஸ்பெயார் டயரின் அந்த நான்கு இலக்கத்தை வாசித்துப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் எந்த ஆண்டைச் சொல்கிறதோ, அதிலிருந்து ஆறு வருடம் கழிந்திருந்தால் அதை நம்பி கந்தளாய் வீதியில் ஏறாதீர்கள்.